நீம் நகரத்துக் கதவு

மனோரஞ்சிதத்துக்கு ஊர் பார்க்கும் ஆசை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கனடாவில், மல்வேர்னில் ரவுன்ஹவுஸ் வரிசையில் ஒரு வீடு, முதியோர் இல்லமொன்றின் சலவை அறையில் வேலை, பஸ் மாறிப் போய் வருகிற ஒரே பாதை. அவளுக்கு அது போதும். புருசன் செத்தபிறகு மகள் தனுஷிகாவைத் தனியாளாய் வளர்த்தெடுத்தவள். வாய் காரம். வேலையிடத்தில் வீண்கதைக்கு ஒருவரும் அவளிடம் போவதில்லை.

அப்படிப்பட்டவளோடும் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது பேபி ஒருத்திதான். பிறம்ரனில் பெரிய வீடு, நாலு பேர் கூடினால் நடுவில் நின்று சிரிக்கவைக்கிற ஆள். மனோரஞ்சிதத்தின் புருசன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது காரில் ஏற்றி இறக்கியதும் அவள்தான். அந்த நன்றிக்காகவே அவளுடைய தொணதொணப்பை மனோரஞ்சிதம் பொறுத்துக்கொண்டு வந்தாள்.

போன வருசம் பாரிசில் பேபியின் தமையன் மகனுக்குக் கலியாணம்.

"துணைக்கு வாடி ரஞ்சி. கலியாணம் முடியத் தெற்குப் பக்கம் ஒரு பழைய ஊர் பாப்பம். எல்லாம் புக் பண்ணிட்டன்."

எந்த ஊர் என்று விமானத்தில் ஏறிய பிறகுதான் மனோரஞ்சிதம் கேட்டாள்.

"நீம். ரோமர் கட்டின ஊராம்."

மனோரஞ்சிதம் முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த ஊரில் அவள் ஏழெட்டு மாதம் இருந்திருக்கிறாள். அது பேபிக்குத் தெரியாது. பெற்ற மகளுக்கும் தெரியாது.

நீம் அழகான ஊர்தான். பேபி வாயைப் பிளந்துகொண்டு நடந்தாள். வட்டமாய் எழுந்து நிற்கிற கல் அரங்கு, வெள்ளைத் தூண் வைத்த கோயில், தண்ணீர் தேங்கிய பூங்கா. நடைபாதையில் பதித்திருந்த பித்தளைக் குமிழ்களில் அந்த ஊர்ச் சின்னமான, ஈச்சமரத்தில் கட்டிய முதலையைக் கண்டு குந்தியிருந்து படம் எடுத்தாள்.

"என்னடி ரஞ்சி, மூஞ்சையை நீட்டிக்கொண்டு வாறாய்? காசு குடுத்து வந்தனாங்கள், கொஞ்சம் சிரியன்."

"நீ சிரி. நான் நடக்கிறன்."

அந்த ஊரின் ஒவ்வொரு கல்லையும் மனோரஞ்சிதம் வெறுத்தாள். வெயிலில் பொன்போல மினுங்குகிற சுவர்களைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு வெளிச்சமும் அன்றைக்கும் இங்கேதானே இருந்திருக்கிறது?

மூன்றாம் நாள் அரங்குக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் அவளுடைய கால்கள் தாமாகவே நின்றுவிட்டன. பச்சைக் கதவு. மேலே சின்ன ஜன்னல்.

"என்ன, களைச்சுப்போனியோ?" என்று பேபி கையைப் பிடித்தாள். அந்தக் கை இதமாய் இருந்தது. அதுதான் பிழையாய்ப் போனது. மனோரஞ்சிதம் சொல்லிவிட்டாள்.

பத்தொன்பது வயதில், கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் இந்தக் கதவுக்குள்தான் அவர்களைப் பூட்டி வைத்திருந்தான். ஒரு அறைக்குள் ஆணும் பெண்ணுமாய்ப் பத்துப் பேர். பகலில் ஜன்னல் திரையை விலக்கக்கூடாது. ஒருநாள் அரங்கில் மாட்டுச் சண்டைக்குக் கூடிய சனத்தின் இரைச்சலைக் கேட்டுக் கலவரமென்று நினைத்துக் கட்டிலுக்கடியில் கிடந்தார்கள். அவளுக்குப் பக்கத்தில் படுத்த கிளி என்ற பெட்டைக்குக் காய்ச்சல் கண்டது. டொக்டரிடம் காட்டுகிறேன் என்று ஏஜென்சிக்காரன் அவளைக் கூட்டிக்கொண்டு போனான். பிறகு தனியே வந்தான்.

"அச்சோ," என்றாள் பேபி. கொஞ்ச நேரம் கதவைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள். "அதில நில்லு, ஒரு படம் எடுப்பம்."

மனோரஞ்சிதம் நிற்கவில்லை. விறுவிறென்று நடந்தாள். பேபி கதவை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

திரும்பி வந்து இரண்டு கிழமையில் பிறம்ரனில் மத்தியானச் சாப்பாடு. பேபியின் ஆட்கள் வீடு நிறைய இருந்தார்கள். மனோரஞ்சிதமும் தனுஷிகாவும் போனார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பேபி பயணப் படங்களைப் பெரிய ரீவியில் ஓடவிட்டாள். அரங்கு, கோயில், முதலை. பிறகு பச்சைக் கதவு.

"இதென்ன சொல்லுங்கோ பாப்பம்? எங்கட ரஞ்சியின்ர பழைய வீடு! நாங்கள் நினைச்சம் மல்வேர்ன்காரி எண்டு. ஆள் பிரான்சுக்காரி!" சனம் சிரித்தது. பேபிக்கு உற்சாகம் ஏறிவிட்டது. "ஏஜென்சிக்காரன் இவவை அவ்வளவு மாதமும் ஏன் அனுப்பாமல் வைச்சிருந்தவனோ, அது எங்களுக்குத் தெரியாது!"

கண்ணடித்தாள். சிரிப்பு இன்னும் பெருத்தது.

மனோரஞ்சிதம் எழும்பினாள்.

"ஏன் நிப்பாட்டிட்டாய், பேபி? அந்தக் கதவுக்குள்ளால காய்ச்சலோட போன கிளியைப் பற்றியும் உனக்குச் சொன்னனான். அதையும் சொல்லு. இந்தச் சனம் சிரிக்கட்டும்."

"பகிடிக்கடி..."

"என்ர கதவை உன்ர ரீவியில போட உனக்கு ஆர் சொன்னது? அழி. இப்ப அழி."

"என்ர வீட்டில வந்து சத்தம் போடாதை, ரஞ்சி. உனக்கு நான் செய்ததெல்லாம் மறந்துபோச்சோ?"

"செய்தாய். இண்டையோட சரி."

கோப்பி ஆறிக்கொண்டிருந்த தட்டத்தைத் தாண்டி அவள் வெளியே போனாள்.

நெடுஞ்சாலையில் தனுஷிகா அழுதுகொண்டே கார் ஓட்டினாள். "வை டிட்ன்ட் யூ டெல் மீ, அம்மா? பேபி அன்ரிக்குச் சொல்லியிருக்கிறீங்கள், எனக்குச் சொல்லேல்லை."

"சொன்னா நீ என்ன செய்திருப்பாய்? றோட்டைப் பாத்து ஓடு."

கனதூரம் போன பிறகு தனுஷிகா மறுபடி கேட்டாள். "கிளியின்ர முழுப்பேர் என்ன?"

"தெரியாது," என்றாள் மனோரஞ்சிதம். "கேட்டிருக்கவேணும். கேக்கேல்லை."

பேபி ஊரெல்லாம் தன் பக்கத்துக் கதையைச் சொன்னாள். வீடு தேடி வந்து அவமானப்படுத்திப்போட்டாள் என்று. பிறம்ரன் ஆட்கள் அழைப்புகளை நிறுத்திக்கொண்டார்கள். மனோரஞ்சிதம் ஒருவருக்கும் விளக்கம் சொல்லப் போகவில்லை.

தைப்பொங்கலுக்கு முதல் நாள் ஸ்காபரோ தமிழ்க் கடையில் பேபி வண்டிலைத் தள்ளிக்கொண்டு நேரே வந்தாள்.

"இன்னும் கோவமே, ரஞ்சி? நான் அதையெல்லாம் மன்னிச்சிட்டன்."

"நான் மன்னிக்கேல்லை," என்றாள் மனோரஞ்சிதம். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்க, அவள் தன் வண்டிலை அரிசி மூட்டைகள் பக்கம் திருப்பிக்கொண்டு போனாள்.