எருக்குழிக் காளான் வழக்கு

சானமாவுக் காட்டோரம் எங்கள் வீடு. மழை பெய்தால் எருக்குழியில் சாணிக்காளான் முளைக்கும். நாங்கள் தின்றதில்லை, காலால் எத்திவிடுவோம். அதைத் தின்றால் போதை ஏறும் என்பதே பெங்களூர்ப் பையன்கள் காரில் வந்து பொறுக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரியும். தண்டைக் கிள்ளி, நீலம் பாய்கிறதா என்று பார்த்துப் பையில் போடுவார்கள். அவர்களைக் கூட்டிவந்தது என் கொழுந்தன்.

"என்ன கருமம்டா இது?"

"சாணியில தானா மொளைக்கிறது அண்ணி. நாம வெதைச்சமா, தண்ணி ஊத்துனமா? எந்தப் போலீஸ்காரன் வந்து சாணிய மோந்து பாக்கப்போறான்?"

வந்தார்கள். ஜூஜுவாடி செக்போஸ்ட் பக்கம் கார் சிக்கியது. பையன்கள் எங்கள் குழியைக் கைகாட்டினார்கள். கொழுந்தன் ஓடிவிட்டான். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த என் கணவரை எழுப்பினார்கள். மாடு தின்று மிச்சம் வைத்த கேழ்வரகுத் தாளைக் குழிமேல் பரப்பியிருந்தோம். எரு காயாமல் மக்குவதற்காக, மாடு வைத்திருக்கிற எல்லோரும் செய்வதுதான். காளான் வளர்க்கப் போட்டது என்று நினைத்து எஸ்.ஐ. அதைக் குச்சியால் கிளறினார்.

"இந்தப் பாத்திய யார்யா போட்டது?"

தூக்கக் கலக்கத்தில், பெருமை வேறு, "நான்தாங்க சார். வருசா வருசம் நான்தான் போடுவேன்" என்றார் இவர்.

முதல் அறையிலேயே இடது காதில் ரத்தம் வந்தது. பிறகு முழங்காலுக்குக் கீழே லத்தி. அது எரு என்று கத்தினேன். என்னைத் தள்ளியதில் தண்ணித்தொட்டியில் மோதிப் பல் ஆடியது. இவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

வளர்த்ததாகக் கேஸ் எழுதினால் வருஷக்கணக்கில் உள்ளே இருக்கவேண்டும் என்றார் வக்கீல். காளானுக்குள் இருக்கும் சரக்கு தடைப் பட்டியலில் இருக்கிறதாம். காளானையே அந்தச் சரக்காக எடுத்துக்கொள்ளலாமா என்று கோர்ட்டில் இன்னும் வாதம் நடக்கிறதாம். அது முடியும்வரை என் புருஷன் அடிவாங்க வேண்டுமா?

கொழுந்தன் ஒரு ரோஜாத் தோட்டத்து மோட்டார் அறையில் படுத்திருந்தான். கதவைத் திறந்ததும் பால் கேன் மூடியால் வாயில் அடித்தேன். உதடு கிழிந்தது.

"அண்ணனுக்கு கம்பெனில நல்ல பேரு அண்ணி, வுட்டுருவாங்க" என்றான். மறுபடி அடித்தேன். சட்டையைப் பிடித்து இழுத்து ஷேர் ஆட்டோவில் ஏற்றினேன்.

"வண்டியெல்லாம் ரத்தம் ஆவுதும்மா" என்றார் டிரைவர்.

"கழுவிக்கய்யா."

ஸ்டேஷனில், பையன்களைக் கூட்டிவந்தது இவன்தான் என்று நான் பார்த்ததையெல்லாம் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அவனை உட்காரவைத்துவிட்டு, சாயங்காலம் இவரை விட்டார்கள். நொண்டிக்கொண்டு வந்தவர் ஸ்டேஷன் வாசற்படியிலேயே என்னை அறைந்தார்.

"கூடப் பொறந்தவனப் புடிச்சிக் குடுத்துட்டியேடி!"

"அடிங்க. உள்ள அவங்ககிட்ட அடி வாங்குனப்ப இந்தக் கை எங்க போச்சி?"

வாசலில் நின்ற கான்ஸ்டபிள் சிரித்தார். மறுபடி கை ஓங்கினார் இவர். நெஞ்சில் கைவைத்துத் தள்ளினேன். அடிபட்ட கால் நிற்கவில்லை, படியில் உட்கார்ந்துவிட்டார்.

கொழுந்தன் இப்போது ஜாமீனில் இருக்கிறான். சாட்சி சொல்லப் போகாதே என்கிறார் கணவர். "தெரியாதுன்னு சொன்னா நாக்கு அழுகிடுமா?" என்கிறார். தெரியாது என்று நான் சொன்னால் வழக்கு திரும்பக் குழிக்குச் சொந்தக்காரர் மேல்தான் விழும். அந்தச் சொந்தக்காரர் இவர்தான். சம்மன் வந்தால் போவேன். வழிமறித்தால் இவரையும் தள்ளிவிட்டுத்தான் போவேன்.