மாடிப்படியில் மஞ்சள் சேறு

அன்றைக்கு லண்டனில் அந்த வீட்டில் இருந்தது மூன்றே பேர். நான், சாமான் ஏற்றும் வான் வைத்திருக்கும் வரதன் அண்ணை, வீட்டுக்காரி லிண்டா. நாலாவது ஆள் இல்லை. பிறகு நீங்கள் அதைத்தான் கேட்பீர்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய் பிசாசை நான் நம்பினவன் இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்குப் பயப்பட வேறு நிறைய இருந்தது, வாடகை, விசா, தம்பி என்று.

தம்பி குகன் ஆஸ்திரேலியாவுக்குப் படகேறிப் பத்து வருசத்துக்கு மேல். படகு போய்ச் சேரவில்லை, பிடிபட்டதாகவும் செய்தி இல்லை. படகு ஏற்றிவிட்ட ஏஜென்சிக்குக் கட்டிய ஆறாயிரம் பவுண் வரதன் அண்ணை கடனாகத் தந்தது. தரும்போதே சொன்னார், "பெடியனுக்கு ஏதும் நடந்தா நான் காசு கேக்கமாட்டன்." நான் மாதாமாதம் கட்டிக்கொண்டுதான் வருகிறேன்.

வீடு ஃபாரஸ்ட் கேட்டில். லிண்டாவின் தாய் செத்துப்போக, சாமான்களை அகற்ற எங்களைக் கூப்பிட்டிருந்தாள். கூரைக்குக் கீழே இருந்த அறையில் ஒரு தகரப்பெட்டி, அதற்குள் தாடிக்காரன் ஒருவனின் படம். லிண்டாவின் பூட்டனின் தமையனாம், ஆஸ்திரேலியாவில் தங்கம் கிண்டப் போய் ஒரேயொரு கடிதம் போட்டதோடு காணாமல் போனவனாம். மனைவி துக்கக் கறுப்பு உடுக்காமல் இந்த வீட்டிலேயே காத்திருந்து செத்தாளாம். அங்கே குழி இடிந்து செத்தவனின் சப்பாத்தை மற்றவர்கள் கழற்றிப் போட்டுக்கொள்வார்களாம், அதனால் அவன் வெறுங்காலில் மஞ்சள் சேற்றோடுதான் வீடு வருவான் என்று அவர்கள் குடும்பத்தில் ஒரு கதை.

வரதன் அண்ணை சிரித்தார். "அங்கயிருந்து நடந்து வாறதோ? வந்து சேர முதல் பென்ஷன் எடுத்திருப்பான்."

அவர்கள் இருவரும் வானடிக்குப் போனார்கள். நான் அறையைக் கூட்டிவிட்டு இறங்கத் திரும்பினேன். நம்பினால் நம்புங்கள், பட்டப்பகல், வெளியே மழை இல்லை, காலையில் நான் கூட்டித் துடைத்த படிகளில் ஈர மஞ்சள் சேறு, வெறுங்கால் தடங்கள். வாசலிலிருந்து ஏறி வந்து எனக்கு முன்னால் நின்றிருந்தன. திரும்பிப் போன தடம் ஒன்றுமில்லை.

வரதன் அண்ணையோடு திரும்பி வந்த லிண்டா பார்த்துவிட்டு, வந்துவிட்டார் என்று அழத் தொடங்கினாள். நான் விரல்களை எண்ணினேன். இடது காலில் சுண்டுவிரல் இல்லை. குகனுக்கு அது ஊரில் யுத்தத்தின்போது செல்லடியில் போனது.

வரதன் அண்ணைக்கும் அது தெரியும். வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்.

"மிச்சக் காசை விடடா. இனித் தரவேண்டாம். அம்மாட்டச் சொல்லி அவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்யுங்கோ."

"ஏன் அண்ணை? அவனுக்கு என்ன நடந்தது?"

அவர் நிமிர்ந்து, தடங்களை மிதிக்காமல் ஓரமாக இறங்கிப் போனார்.

என் துவாயால் சேற்றைத் துடைத்தேன். எத்தனை தரம் தோய்த்தும் ஹீட்டரில் போட்டும் அந்தத் துவாய் இன்றுவரை காயவில்லை. அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றாம் திகதி வழக்கம்போல் காசை நீட்டினேன், அண்ணை என் முகத்தைப் பாராமல் வாங்கிக்கொண்டார். இன்னும் ஆயிரத்து எண்ணூற்றைம்பது பவுண் கட்ட இருக்கிறது.