ஒடிந்த காம்பு

மந்தாரக்குப்பத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல் வார்க்கும் பட்டறையொன்றில் நான் மோல்டிங் மெஷின் ஓட்டினேன். கல்லூரியில் பயின்றவனல்லேன், உருகிய பிளாஸ்டிக்கின் குணத்தை அதனருகே நின்றே அறிந்தவன். புதுப் பிளாஸ்டிக் குருணை உருகினால் அச்சுக்குள் நிதானமாகப் பாயும். பலமுறை உருகிய பழைய சரக்கோ நீர்த்து ஓடி, அச்சின் இடுக்கெல்லாம் பிசிறாக வழியும். பிசிறைத் தவிர்க்கச் சூட்டையும் அழுத்தத்தையும் குறைத்தால், இருபுறமிருந்தும் வந்து சேரும் பாய்ச்சல்கள் ஸ்டூலின் காலில் ஒட்டியும் ஒட்டாமலும் உறைந்துவிடும். பார்வைக்கு யாதொரு குறையும் இராது.

அவ்வாண்டு முதலாளி பழைய சரக்கைப் பாதிக்கும் மேல் கலக்கச் சொன்னார். சுரங்க நகரியத்துக் குவார்ட்டர்ஸ்களில் கழித்துப் போட்ட வாளி, நாற்காலிகளை பக்கத்து ஊரான வடக்குத்துப் பெண்ணொருத்தி தரம் பிரித்து, நிலக்கரித் தூசு போகக் கழுவித் தருவாள். அன்றன்றைய கலவையின் முதல் ஸ்டூல்மீது அவளே ஏறி நிற்க வேண்டுமென்பது முதலாளி வகுத்த வழக்கம். மறுத்தால் மறுநாள் வேலையில்லை.

அன்று முதல் ஸ்டூலோடு வந்த காம்பை, அதாவது உருகல் பாயும் வழியில் உறைந்த துண்டை, வளைத்துப் பார்த்தேன். நல்ல சரக்காயின் வளைந்த இடம் வெளுக்குமேயன்றி ஒடியாது. இது 'டக்'கென்று ஒடிந்தது. துண்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கலவையைக் குறை கூறியதற்காகவே எனக்கு முன்னிருந்தவர் வெளியேற்றப்பட்டார்.

"ஏறும்மா. நீ பொறுக்கின சரக்கு. உனக்கே நம்பிக்கை இல்லன்னா எவன் வாங்குவான்?" என்றார் முதலாளி.

"ஏறாம இன்னா பண்ணப் போறேங்க? தெனமும் ஏறிக்கினுதான இருக்கேன்," என்று சிரித்தபடியே ஏறினாள்.

ஸ்டூலின் கால் நீளவாக்கில் பிளந்தது. கணுக்கால் மடங்க விழுந்தாள்.

"சரக்குல குத்தமில்ல. வூட்ல சோறு ஜாஸ்தி," என்றார் முதலாளி. எல்லோரும் சிரித்தனர். நானும் சிரித்தேன்.

சில வாரங்கள் கழித்து நொண்டியபடி வேலை கேட்டு வந்தாள். வேறு ஆள் வைத்தாயிற்று என்று அனுப்பிவிட்டார்கள். வாசலில் என்னைக் கண்டு நின்றாள்.

"அண்ணே, அன்னிக்கு நீங்க காம்ப ஒடிச்சத நான் பாத்துகினுதான் இருந்தேன்."

"பாத்துமா ஏறின?"

"நீங்க ஒண்ணும் சொல்லாம பையில போட்டுக்கினீங்களே. தெரிஞ்சவரு, ஆபத்துன்னா சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்."

அவள் போய்விட்டாள். உள்ளே, புதிதாக வந்தவளை முதலாளி ஸ்டூலில் ஏறச் சொல்லிக்கொண்டிருந்தார். கலவை அதேதான். அன்றைய காம்பை நான் வளைத்துப் பார்க்கவேயில்லை.