வெள்ளையடிச்ச குகை

எங்க ஊருக்கு ரோடு கிடையாதுங்க. சோளக்காட்டுல பஸ்ஸை விட்டு எறங்கி, மொளகுத் தோட்டத்துக்குள்ள ஏறி எறங்கி நடந்தாத்தான் ஊடு. அதனாலயே எங்க அண்ணனுக்குப் பொண்ணு அமையலை. நான் வாக்கப்பட்டது சோளக்காட்டுல. அங்கயே ஒரு பொண்ணைப் பாத்து வெச்சேன். அவளுக்கு அண்ணனைப் புடிச்சிருந்துச்சு. அவங்க அப்பாதான், "ரோடு வரட்டும், அப்புறம் பேசலாமுங்க"ன்னுட்டாரு. மனுசனைப் பாக்காம ரோட்டைப் பாக்கறாரேன்னு எனக்கு ஆத்திரம். என் மகளா இருந்தா நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன், அது வேற.

ஊருக்கு மேக்கால சில குகை இருக்கு. ஆதி மனுசங்க குடியிருந்ததுன்னு சொல்லுவாங்க. எங்களுக்கு அது மழைக்கு ஆடு கட்டற எடம். போன வருசம் ஏதோ ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு, பெரிய குகையைப் பாக்க வாரோம்னு. அவங்க பாத்து எழுதினா ஜனம் வரும், ஜனம் வந்தா ரோடு வரும்னு ஊரே பேசிக்கிச்சு. அண்ணன் எல்லாருக்கும் மேல நம்பினான்.

விருந்தாளி வாராங்கன்னா ஊட்டுக்கு வெள்ளையடிக்கறது எங்க வழக்கம். அவன் சும்மா இருப்பானா? ஆட்டுப் புழுக்கையைக் கூட்டி அள்ளிட்டு, சுண்ணாம்பு கலக்கி, குகைக்குள்ள ஒரு எடம் விடாம அடிச்சுட்டான். பாறையில செவப்பா மனுசன், மான்னு சில உருவம் இருந்துச்சு. ஆடு மேய்க்கறவங்க கிறுக்கினதுன்னுதான் நாங்க எல்லாருமே நெனச்சிருந்தோம்.

வந்தவங்க ரெண்டு பேரு, ஒரு அம்மாவும் ஒரு ஐயாவும். நானும் அன்னிக்குப் பொறந்த ஊட்டுக்கு வந்திருந்தேன். உள்ள நுழைஞ்ச அந்தம்மா பாறையையே பாத்துக்கிட்டு நின்னாங்க. "இங்க செவப்புப் படம் இருந்துச்சாமே? அதைப் பாக்கத்தானே வந்தோம்"னாங்க.

"கிறுக்கலெல்லாம் மறைச்சாச்சுங்க"ன்னான் அண்ணன், பெருமையா.

பிள்ளையார் புடிக்கக் கொரங்கா முடிஞ்ச கதைதான். அந்தம்மா திட்டலை. யாரும் கை வெக்காதீங்க, சுத்தம் பண்ணத் தெரிஞ்ச ஆளுங்களைக் கேட்டுப் பாக்கறோம்னு சொல்லிட்டு எறங்கிப் போயிட்டாங்க.

அவங்க தலை மறைஞ்சதும் அண்ணன் தேங்கா நாரும் தண்ணியும் எடுத்துக்கிட்டுப் போனான். வேண்டாமுன்னு பின்னாடியே போனேன். கேக்கலை. மெதுவாத்தான் தேச்சான். சுண்ணாம்போட செவப்பும் கரைஞ்சு அவன் முழங்கை வரைக்கும் வழிஞ்சுது. அவன் நாரைக் கீழ வெச்சான்.

"கண்ணு, அந்தப் பொண்ணு ஊட்டுல போய்ச் சொல்லிரு. காத்திருக்க வேண்டாம், வேற எடம் பாக்கட்டும்"னான்.