மகளுக்கு வாங்கிய தங்கத் தாள்

முட்டாள்தனத்தில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. என்றாலும், செத்தவர்களுக்கு எரிக்கும் தாளை அழகாக வெட்டி ஒட்டி, உயிரோடு இருக்கும் மகளுக்குத் தபாலில் அனுப்பியவன் இந்த மலேசியக் கிள்ளான் நகரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நான் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். சனிக்கிழமைகளில் ஒரு கடைவீட்டு மாடியில் வகுப்பு எடுக்கிறேன். வீட்டில் பேச ஆளில்லை என்பதால் அங்கே கூடுதலாகப் பேசுவேன். அந்த மாதம் இடைக்கால ஐரோப்பாவின் சுவடிகளைக் காட்டினேன். மடத்துத் துறவிகள் கன்றுத்தோலில் எழுதியவை. பக்கத்தின் முதல் எழுத்து மட்டும் பூதம்போல வளர்ந்து, கொடி சுற்றி, தங்கமாக மின்னும். ஓரத்தில் ஒரு வீரன் நத்தையோடு கத்திச்சண்டை போடுவான்.

“ஒரு எழுத்துக்கு இவ்ளோ நாளா? அவங்களுக்கு வேற வேலையே இல்லையா சார்?” என்றாள் முன்வரிசைப் பெண். அம்மா சீனர், அப்பா தமிழர்; வாய் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது.

“சாமியாருங்கம்மா. புள்ளைங்க போன் அடிக்குமான்னு பாத்துக்கிட்டு உக்கார வேண்டியதில்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். மெல்பர்னிலிருக்கும் என் மகள் என் காலை வணக்கங்களுக்கு நீல டிக் மட்டும் வைத்துப் பல மாதங்களாகியிருந்தன.

பிடித்த ஒருவரின் முதல் எழுத்தை அலங்கரிக்கச் சொன்னேன். அந்தப் பெண் தம்பியின் எழுத்தைச் சுற்றிச் சாக்கடை உடும்பு ஒன்றைப் படுக்கவைத்தாள். தங்கம் மட்டும் பாக்கி. அசல் தங்கரேக்கின் விலையைக் கேட்டுத் திரும்பும் வழியில், சீனர்களின் சாமிச்சாமான் கடையில் மஞ்சள் தாள்கள் கட்டுக்கட்டாக இருந்தன, நடுவில் பளபளவென்று தங்கச் சதுரம்.

“யாருக்கு, அங்கிள்?” என்று கடைக்கார ஆன்டி மலாயில் கேட்டார்.

“மகளுக்கு,” என்றேன் பெருமையாக.

அவர் என்னையே பார்த்தார். இன்னொரு கட்டையும் எடுத்துப் பையில் போட்டு, அதற்குக் காசு வேண்டாம் என்று கையசைத்தார். எவ்வளவு நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் முதலில் நானே செய்துபார்த்தேன். மகளின் முதல் எழுத்து. ஓரத்தில் நத்தையிடம் தோற்கும் வழுக்கைத்தலை வீரன், அதாவது நான். இதைப் பார்த்தாலாவது கூப்பிடுவாள். எப்போதோ அவள் அனுப்பிய பார்சல் அட்டையிலிருந்த முகவரியை எழுதி மறுநாளே தபாலில் சேர்த்தேன்.

சனிக்கிழமை வகுப்பில் கட்டைப் பிரித்ததும் முன்வரிசைப் பெண் கையை இழுத்துக்கொண்டாள்.

“ஐயோ சார், இது செத்தவங்களுக்கு எரிக்கிறது லா! எங்க தாத்தாவுக்கு இதான் எரிச்சோம்!”

சீனர்கள் செத்தவர்களுக்குப் படையல் வைக்கும் ஏழாம் மாதத்தில் சாலையோரமெல்லாம் இது எரிவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். எரியாமல்தான் பார்த்ததில்லை. கடைக்கார ஆன்டியின் பார்வை இப்போது புரிந்தது.

மாடிப்படிக்கு வந்து மகளுக்குத் தட்டினேன்: “தபால் வந்தா பிரிக்காதம்மா. அது செத்தவங்களுக்கு எரிக்கிற தாளாம். ஒங்கப்பன் ஒரு மடையன்.”

நீல டிக். பிறகு, எத்தனையோ மாதத்துக்குப் பின், அவள் ஏதோ தட்டுகிறாள் என்று போன் காட்டியது. சிரிப்பாள் என்று காத்து நின்றேன்.

“அந்த வீட்ட போன வருஷமே காலி பண்ணிட்டேன்பா.”