விளக்குச் சட்டம்

ஸ்டுடியோ பக்கம் அவளைக் கத்தரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணம், பள்ளி விழா, கடை விளம்பரம், எது வந்தாலும் படம் பிடிப்பது வீட்டுக்காரர், வெட்டி ஒட்டுவது அவள். பதினான்கு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

அன்று காலை பத்தரை மணி இருக்கும். ஒரு பள்ளியின் இரண்டு நாள் ஆண்டு விழாவில் முதல் நாள் வீடியோவை எடிட் செய்துகொண்டிருந்தாள். அசையாமல் நிறுத்திய கேமரா ஒன்று மேடையை முழுதாகப் பிடித்திருந்தது. காலைக் காட்சி கரைந்து மாலைக் காட்சி வரட்டும் என்று இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாள். திரை, தூண், படிக்கட்டு எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. மேலே விளக்குகளைத் தாங்கிய இரும்புச் சட்டம் மட்டும் இரண்டாகத் தெரிந்தது.

கேமரா நகர்ந்திருந்தால் தூணும் நகர்ந்திருக்க வேண்டுமே. வேகமாக ஓட்டிப் பார்த்தாள். சட்டத்தின் இடது முனை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்திருந்தது. இன்று இரண்டாம் நாள். பதினோரு மணிக்கு அதற்குக் கீழே நாற்பது பிள்ளைகள் ஆடப்போகிறார்கள்.

விழா மண்டபத்தில் படம் பிடித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை; வேலை நேரத்தில் சத்தத்தை அணைத்துவிடுவார். மண்டப மேனேஜர் எடுத்தார். எல்லாம் பார்த்தாகிவிட்டது, வீணாகப் பயப்படாதீர்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூன்று தெரு ஓடினாள். நினைத்தது தப்பாகப் போனால் எல்லாரும் சிரிப்பார்களே என்று ஒரு பயம். சரியாக இருந்துவிட்டால் என்பது அதைவிடப் பெரிய பயம்.

பிள்ளைகள் மேடையில் வரிசையாக நின்றாகிவிட்டது. கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் வீட்டுக்காரரின் தோளைப் பிடித்து, படத்தைக் காட்டினாள். அவசரத்தில் இரண்டு தடவை வேறு எதையோ அழுத்தினாள்.

“பிள்ளைங்கள முதல்ல இறக்குங்க. அப்புறம் என்னைத் திட்டுங்க.”

அவர் நேராக மேடைக்குப் போய், குரூப் போட்டோ எடுக்கணும், எல்லாரும் வெளியே வாங்க என்றார். டீச்சர் முகத்தைச் சுளித்தார். பிள்ளைகள் துள்ளிக்கொண்டு இறங்கினார்கள்.

எலெக்ட்ரீஷியன் ஏணியில் ஏறினார். இடது பக்க போல்ட் நான்கில் மூன்றைக் காணோம். நான்காவது பாதி கழன்று நின்றது. யாரும் கிட்டே வராதீர்கள் என்றார். அவர் குரலே மாறிப்போயிருந்தது.

மேனேஜர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்தப் படத்தை மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்தார்.

“நேத்து முழுக்க இதுக்குக் கீழதான்மா நின்னேன்.”

அவள் லேப்டாப்பை மூடிவிட்டு, வெளியே நின்ற பிள்ளைகளை ஒவ்வொருவராக எண்ணத் தொடங்கினாள்.