உலர்ந்த எழுத்து

"ஒரு பேப்பர நம்பி டெல்லிக்குப் போறியாக்கும்? அங்க எவன் தாயி இத மதிக்கப் போறான்?" என்று ஊரில் சித்தப்பா கேட்டிருந்தார். வேலையில் சேரப் போன லோதி ரோடு அலுவலகத்தில் என் மதிப்பெண் சான்றிதழ் திரும்பி வந்தபோது அவர் குரல்தான் காதில் விழுந்தது.

"லேமினேஷன் நஹீ சலேகா," என்றார் குமாஸ்தா. லேமினேஷன் செய்தது செல்லாதாம், முத்திரையைத் தொட்டுப் பார்க்க வேண்டுமாம். பிளாஸ்டிக்கைப் பிரித்து, நல்ல நகலும் எடுத்துக்கொண்டு ஐந்து மணிக்குள் வரவேண்டும். தவறினால் வேலை அடுத்தவருக்கு.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சான்றிதழ் வந்த அன்றே அப்பா விருதுநகர் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேஷன் செய்துவிட்டார். ஒழுகுகிற வீடு. "இனி எம்புட்டு மழை பேஞ்சாலும் எழுத்து நனையாது" என்று தெருவெல்லாம் காட்டினார். படிப்பு புதிதாக வந்த வீடுகள் பலவும் செய்த தவறு இது. பெருமையில் செய்தது, யாரைக் குறை சொல்ல?

ஐ.என்.ஏ. மார்க்கெட் ஓரத்துக் கடைக்கு ஓடினேன். "பய்யா, ஜெராக்ஸ். ஜல்தி!" என்று அண்ணன் முறை வைத்து அவசரப்படுத்தினேன்.

"போட்டோஸ்டாட்," என்று திருத்தினார் கடைக்காரர். "மதராஸி எல்லாருக்கும் ஜெராக்ஸ்தான்!"

அந்தப் பதற்றத்திலும் எனக்கு ரோஷம் வந்தது. கல்லூரி அகராதியில் இரண்டையும் தேடிப் படித்தவள் நான். இரண்டுமே இயந்திரங்களின் பெயராக இருந்து, நகலுக்கே பெயரானவை. போட்டோஸ்டாட்டில் தாளை ரசாயனத்தில் நனைத்துக் காயவைக்க வேண்டும். பிறகு ஈரமே படாத முறை வந்தது. உலர்ந்த எழுத்து என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து அதற்குப் பெயர் வைத்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் ஜெராக்ஸ்.

"உங்க போட்டோஸ்டாட் தண்ணியில நனையணும் பய்யா. எங்களுது காஞ்ச எழுத்து," என்றேன், என் உடைந்த இந்தியில்.

அவர் சிரித்தார். "அச்சா! ஆனா காஞ்சதோ ஈரமோ, இதைப் பிரிச்சா கிழியும், மேடம்."

பிரிக்காமல் அப்படியே எடுத்துத் தந்த நகலிலோ பிளாஸ்டிக்கின் பளபளப்பு வெள்ளைக் கோடாய் விழுந்து, என் பெயரை மறைத்திருந்தது. அப்பா எதை நனையாமல் காக்க நினைத்தாரோ, அதையே அது விழுங்கியிருந்தது.

கடைக்காரரிடம் பிளேடு கேட்டேன். பெயர் இருந்த வரியில் பிளாஸ்டிக் சுத்தமாக உரிந்து வந்தது. முத்திரை இருந்த மூலையில்தான் பிடித்துக்கொண்டது. கையைச் சேலையில் துடைத்துத் துடைத்து உரித்தேன். வட்ட முத்திரையில் பாதி தாளில் நின்றது. மறுபாதி அப்பாவின் பிளாஸ்டிக்கோடு போயிற்று.

புது நகலில் என் பெயர் தெளிவாக விழுந்தது. ஐந்து மணிக்குச் சற்று முன், குமாஸ்தாவின் மேசையில் நகலை வைத்தேன். பக்கத்தில் அந்தத் தாளை வைத்து, உரித்த பிளாஸ்டிக்கை அதன்மேல் பொருத்தினேன். வட்டம் முழுசாயிற்று.

"தொட்டுப் பாருங்க," என்றேன்.